தங்கச்சிமடம் குடும்பம்

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

தொண்டி சித்தப்பா: ஏஜென்ட் இப்பத்தான் வந்துட்டுப் போறாரு. கிலோவுக்கு 40 நிக்குற வனாமி இறாலுக்கு போன மாசம் சொன்ன ரேட்டு இப்ப இல்லையாம். கேட்டா "நம்ம இறாலுக்கு அமெரிக்கா போட்ட வரி"ங்கிறாரு. குட்டையில இறால் நிக்குது, ராத்திரி பகலா தண்ணிக்குக் காத்து ஏத்துற ஏரேட்டர் ஓடுது, தீவனம் கொட்டிக்கிட்டே இருக்கேன். பிடிச்சாலும் நட்டம், வச்சிருந்தாலும் நட்டம்.

பாம்பன் அத்தை: இங்க நண்டு கம்பெனியிலயும் அதே கததான் தம்பி. சில நாளு வேலை இல்லன்னு திருப்பி அனுப்புறாங்க. எங்களுக்கு எடுத்த சதைக்கு கிலோ கணக்குலதான கூலி. நண்டு வரலன்னா காசும் வராது.

மண்டபம் மச்சான்: நாமளும் அவன் சாமானுக்கு 50 சதவீதம் போடணும் மாமா. திருப்பிக் கொடுத்தாத்தான் வழிக்கு வருவான்.

நான்: ஏற்கெனவே கொடுத்துப் பாத்தாச்சு மச்சான். 2018-ல அவங்க இரும்பு, அலுமினியத்துக்கு வரி போட்டாங்க. 2019 ஜூன்ல நாம பாதாம், ஆப்பிள், வால்நட்னு 28 பொருளுக்கு ஏத்துனோம். அதுக்காக அவங்க அந்த வரியை எடுக்கல. 2023-ல உக்காந்து பேசித்தான் நாம நம்ம வரியை எறக்குனோம். நடுவுல பாதாம் வெலை கூடுனது நம்ம ஊரு கடையிலதான்.

பாம்பன் அத்தை: ஏன் ஜெனி, வரி போட்டா அவங்க ஊர்ல இறாலு வளந்துருமா?

நான்: வளராது அத்தை. அவங்க சாப்பிடுற இறால்ல பத்துக்கு ஒம்பது பங்கு வெளிநாட்டுதுதான். நமக்கு ஆகஸ்ட் 27-லேருந்து 50 சதவீதம், அதுக்கு மேல, நாம வெலையக் கொறச்சு விக்கிறோம்னு போட்ட பழைய ஆன்டி டம்பிங் வரி வேற இருக்கு. ஈக்வடார் நாடும் இறால் விக்குது, அதுக்கு 15தான். அதனால வாங்குறவன் அங்க போறான். அவங்க ஊரு மீனவன் வலையில ஒரு இறால்கூட கூடுதலா விழப்போறதில்ல.

தொண்டி சித்தப்பா: அந்த 50-ல பாதி, நாம ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்குறதுக்காமே. நான் எங்க எண்ணெய் வாங்குனேன்? டீசலே நம்ம பங்க்லதான் போடுறேன்.

நான்: எனக்கு ஆத்திரம் வர்றதும் அங்கதான் சித்தப்பா. யாரு மேல வரி விழுதோ, அவரு கையில அதைச் சரிபண்ண ஏதாவது இருக்கணும். உங்க கையிலயும் அத்தை கையிலயும் என்ன இருக்கு?

மண்டபம் மச்சான்: ஆமை விசயத்துல அப்படி இல்ல. நம்ம விசைப்படகு இறாலு 2019-லேருந்தே அமெரிக்கா போகல. வலையில ஆமை தப்பிக்கிற கருவி இல்லன்னு தடை போட்டாங்க. எனக்கும் அது கோவந்தான். ஆனா கருவி மாட்டுனா அந்தச் சந்தை தெறக்கும்னு தெரியும். நம்ம மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம், சிஃப்ட் ஆளுங்களே நம்ம வலைக்கு ஏத்த மாதிரி கருவி செஞ்சிருக்காங்க.

நான்: சரியாச் சொன்னீங்க மச்சான். அது தடை, இது வரி. ஆனா அங்க என்ன செய்யணும்னு ஒரு வழி காட்டுனாங்க. இங்க அது இல்ல.

தொண்டி சித்தப்பா: அப்ப வரியே கூடாதுங்கிறியா? வெளிநாட்டுச் சாமான் வந்து குவிஞ்சா நம்ம ஆளு எங்க போவான்?

நான்: கூடாதுன்னு சொல்லல சித்தப்பா. 1924-ல ஜாம்ஷெட்பூர் டாடா ஆலை இரும்பு, வெளிநாட்டு இரும்போட வெலைக்கு நிக்க முடியாமத் தவிச்சப்ப, இறக்குமதிக்கு வரி போட்டு சட்டம் கொண்டாந்தாங்க. முதல்ல மூணே வருசத்துக்குத்தான். டாரிஃப் போர்டுன்னு ஒண்ணு உக்காந்து, செலவு என்ன, எவ்வளவு பாதுகாப்பு வேணும்னு கணக்குப் பாத்துச்சு. திரும்பவும் விசாரிச்சுத்தான் 1927-ல நீட்டுனாங்க. கெடு இருந்துச்சு, கேள்வி கேக்க ஆளும் இருந்துச்சு, ஆலையும் நிமிந்துச்சு. அம்பாசடர் காருக்கு அந்தக் கெடு இல்ல. வெளிநாட்டுக் காரே வராமப் பல வருசம் பாதுகாத்தோம், வண்டி பெருசா மாறவே இல்ல.

பாம்பன் அத்தை: காரை விடு. போன வருசம் பாமாயிலு திடீர்னு ஏறுச்சே, அதுவும் இந்த வரிதானா?

நான்: வரி பெரிய காரணம் அத்தை. எண்ணெய் வித்து வெவசாயிக்கு வெலை கெடைக்கணும்னு 2024 செப்டம்பர்ல சுத்திகரிக்காத சமையல் எண்ணெய் இறக்குமதிக்கு 5.5-லேருந்து 27.5 சதவீதம் ஆக்குனாங்க. நோக்கம் நல்லதுதான். ஆனா நமக்கு வேண்டிய சமையல் எண்ணெய்ல பாதிக்கு மேல வெளியிலேருந்துதான் வருது. நெலத்துல வெளைச்சல் கூட வருசக்கணக்காகும், கடையில வெலை மறுவாரமே ஏறிரும். இந்த மே கடைசியில 16.5-க்குக் கொறச்சாங்க.

பாம்பன் அத்தை: ஏறுன வேகத்துல எறங்கலயே.

நான்: ஆமா அத்தை. அந்தச் சுமை நீங்க வடை சுடுற சட்டி வரைக்கும் வந்துச்சு.

மண்டபம் மச்சான்: இப்ப மாமாவுக்கு என்ன வழி? அதைச் சொல்லு.

நான்: அரசாங்கம் செய்ய வேண்டியது ரெண்டு. ஒண்ணு, செலவைக் கொறைக்கணும். 2024 பட்ஜெட்ல இறால் தீவனத்துக்கும் தாய் இறாலுக்கும் இறக்குமதி வரியை 5 சதவீதமாக்குனாங்க, அந்தப் பாதையில இன்னும் போகணும். இன்னொண்ணு, வேற சந்தை. பிரிட்டனோட ஜூலை 24-ல ஒப்பந்தம் கையெழுத்தாயிருக்கு, அமலுக்கு வந்தா நம்ம இறாலுக்கு அங்க வரி போயிரும். ஆனா அது அடுத்த அறுவடைக்குத்தான் உதவும் சித்தப்பா, இதுக்கு இல்ல. மொத்தமும் ஒரே நாட்டை நம்பி இருக்குற ஏஜென்ட்டை விட்டுட்டு, ஜப்பானுக்கோ ஐரோப்பாவுக்கோ அனுப்புற கம்பெனி ஒண்ணுகிட்டயும் ரேட்டு கேளுங்க.

தொண்டி சித்தப்பா: தூத்துக்குடியில ஒருத்தர் கேட்டிருந்தாரு. நாளைக்கு பாதி பிடிச்சு அவருக்கு அனுப்புறேன். மீதிக்கு குட்டையில எடம் கெடைக்கும், தீவனச் செலவும் கொறையும்.

பாம்பன் அத்தை: கூலிக்கு ஆளு வேணுமா தம்பி? இங்க நாலு பேரு சும்மாதான் இருக்கோம்.

தொண்டி சித்தப்பா: வாங்கக்கா. தரம் பிரிக்க ஆளு வேணும். மாப்ள, ஐஸ் எவ்வளவு கெடைக்கும்?

மண்டபம் மச்சான்: கம்பெனியில கேட்டுட்டேன் மாமா, வேணுங்கிற அளவு இருக்கு. விடிய நாலு மணிக்கெல்லாம் வண்டி அங்க வந்துரும். அம்மாவையும் மத்தவங்களையும் அதுலயே ஏத்திட்டு வந்துர்றேன்.