புதுப்பிப்பு: மிக்ஸியில் ஆப்பிள் ஜூஸ், நிறம் மாறாமல்

ஜூஸர் இல்லாமல் மிக்ஸியில் ஆப்பிள் ஜூஸ் எடுத்தால், வடிகட்டி முடிப்பதற்குள் டீ நிறத்துக்குப் போய்விடுகிறதே என்று போன வாரம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் எலுமிச்சை என்றீர்கள், சிலர் உப்புத் தண்ணீர்.

எலுமிச்சைதான் ஜெயித்தது. ஆனால் எப்போது சேர்க்கிறோம் என்பதில்தான் விஷயமே. பழத்தை வெட்டிக் காற்றுப் பட்டதுமே பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற, பழத்தைப் பழுப்பாக்கும் நொதி வேலையைக் காட்ட ஆரம்பித்துவிடும். வடிகட்டிய பிறகு எலுமிச்சை பிழிந்து பெரிய பிரயோஜனம் இல்லை. அதனால் ஜாரில் முதலில் எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் ஐஸ் தண்ணீர், அதன் மேல் துண்டுகளை வெட்ட வெட்டப் போட்டு உடனே அரைத்தேன். கிலோ ஆப்பிளுக்கு ஒரு சின்ன எலுமிச்சம்பழம் போதும், புளிப்பு தெரியாது. அரைத்த விழுது வெளிர் மஞ்சளாகவே நின்றது.

தோல் இருக்கட்டும், விதையை மட்டும் எடுத்துவிடுங்கள். அரைபட்டால் கசக்கும், அதிலுள்ள அமிக்டலினும் (சயனைடு நஞ்சை வெளிவிடும் பொருள்) நல்லதல்ல.

டீ வடிகட்டி சரிப்படவில்லை, உடனே அடைத்துக்கொள்கிறது. பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, அதில் மூட்டையாகக் கட்டி முறுக்கினால் சக்கை கிட்டத்தட்ட உலர்ந்தே வருகிறது. மேலே நிற்கும் நுரையைக் கரண்டியால் வழித்துவிடலாம். அடியில் படிவது பழத்தின் நார்தான், குலுக்கிக் குடிக்கலாம்.

சிம்லா ஆப்பிள் மட்டும் போட்டால் வெறும் தித்திப்பு. பச்சை ஆப்பிள் ஒன்று சேர்த்தபோதுதான் ருசி எடுபட்டது.

மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அப்புறம், சக்கையை என்ன செய்தாய் என்று கேட்டவருக்கு: சப்பாத்தி மாவில் பிசைந்தேன். பரவாயில்லை ரகம்.