மீன் கணக்கில் கூடுதலாக வந்த 300 ரூபாய்

பார்சர், அதாவது எழுதிய நிரலைப் படித்து எதை எதோடு சேர்த்துச் செய்ய வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும் பகுதி, எழுதும்போது வந்த பிழைகளைப் பற்றி நீங்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். எனக்குப் பிழை வந்தது கழித்தல் குறியில்.

ராயபுரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க, தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுதும்படி ஒரு சின்ன இன்டர்பிரட்டரை (நிரலைப் படித்து அப்படியே இயக்கிக் காட்டும் மென்பொருள்) பைத்தான் மொழியில் எழுதி வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு அக்கா காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். ஒன்பதாவது படிக்கும் அவர் மகள், அம்மாவின் ஒரு நாள் கணக்கை அதில் போட்டாள்:

5000 - 3800 - 150 - 200

விற்ற காசு, ஏலத்துக்குக் கொடுத்தது, ஐஸ், ஆட்டோ. திரையில் 1150 என்று வந்தது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாப்பா, என் கையில எண்ணூத்தம்பதுதான் நிக்குது. மீதி முந்நூறு எங்க?” என்றார்.

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. விடை சரியாக வருகிறதா என்று பார்க்க நான் எழுதி வைத்திருந்த டெஸ்ட் எல்லாம் பாஸ். அப்புறம் பார்த்தால், ஒரே வரியில் இரண்டு கழித்தல் வரும் டெஸ்ட் ஒன்றுகூட நான் எழுதவில்லை. ஒற்றைக் கழித்தல் சரியாகவே வரும். கூட்டலை எந்தப் பக்கமிருந்து செய்தாலும் விடை மாறாது. அதனால் பிழை அத்தனை நாள் வெளியே தெரியவில்லை.

அந்த 300தான் துப்பு. ஐஸ் காசு 150, அதன் இரு மடங்கு. அப்படியென்றால் ஐஸ் கழிவதற்குப் பதிலாகக் கூடியிருக்கிறது! கணக்கைப் பார்சர் கிளை கிளையாகப் பிரித்து ஒரு மரம் போலக் கட்டும். அந்த மரத்தை அடைப்புக்குறிகளோடு பிரிண்ட் போட்டுப் பார்த்தேன்:

5000 - (3800 - (150 - 200))

ஒரு எண், கழித்தல் குறி, அதற்கப்புறம் மறுபடி ஒரு முழுக் கணக்கு என்று ஃபங்ஷன் தன்னையே அழைக்கும்படி எழுதியிருந்தேன். அதனால் வலப்பக்கம் இருப்பதெல்லாம் தானாக அடைப்புக்குள் போய்விட்டது. திருத்தம் சில வரிகள்தான். முதல் எண்ணை எடுத்துக்கொண்டு, கழித்தலோ கூட்டலோ வந்துகொண்டிருக்கும் வரை வைல் லூப்பில் (திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) சுற்றி, அதுவரை கட்டிய மரத்தை இடப்பக்கக் கிளையாக வைக்க வேண்டும். அன்று இரவே ஓட்டிக் காட்டினேன். 850 வந்ததும் அக்கா சுருக்குப்பையைத் திறந்து இன்னொரு தடவை எண்ணிவிட்டுத்தான் தலையாட்டினார்.

வகுத்தலிலும் இதே கோளாறு. 100 / 10 / 2 என்றால் 5 வர வேண்டும், 20 வந்துகொண்டிருந்தது. அதையும் லூப்பாக மாற்றினேன். சரி என்று அடுக்குக் குறியையும் (பைத்தானில் **; 2 ** 3 என்றால் 2-ஐ மூன்று முறை பெருக்குவது) லூப்பாக மாற்றப் போனேன். நல்ல வேளை, நிறுத்திக்கொண்டேன். பைத்தானில் 2 ** 3 ** 2 என்றால் 512, வலமிருந்துதான் போக வேண்டும். இடமிருந்து போனால் 64 ஆகிவிடும். அதை மட்டும் பழையபடியே விட்டிருக்கிறேன்.