ஏ, ஆர், சி, எச் எழுத்துகள் சேர்ந்து வரும் ஆங்கிலச் சொற்களை எப்படிப் பிரித்துப் படிப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். போட்டித் தேர்வுக்காக, பொதுவான எழுத்துகளைக் கொண்ட ஆங்கிலச் சொற்களை ஓரிடத்தில் தொகுத்துப் பொருளோடு படித்து வருகிறேன். ஏ, ஆர், சி, எச் ஆகிய நான்கும் இதே வரிசையில் அடுத்தடுத்து வரும் சொற்களில்தான் இப்போது சிக்கல். மோனார்க் என்பது முடியரசரையும், அனார்க்கி என்பது ஆட்சியற்ற நிலையையும் குறிப்பதால், இந்த எழுத்துகளுக்கு ‘ஆட்சி’ என்று பொருள் கொள்ளலாம் என ஒரு வழிகாட்டி நூல் கூறுகிறது. ஆனால் ஆர்ச் என்றால் கட்டட வளைவு; ஆர்ச்சர் என்றால் வில்லாளி; ஆர்க்கைவ் என்றால் ஆவணக் காப்பகம்; ஆர்க்கியாலஜி என்றால் தொல்லியல்; ஸ்டார்ச் என்றால் மாவுச்சத்து. இவற்றில் ஆட்சி எங்கே இருக்கிறது? மேலும், சில சொற்களில் ‘ச்’ என்றும் சிலவற்றில் ‘க்’ என்றும் ஒலிப்பதற்கு ஏதேனும் ஒழுங்கு உண்டா?

மறுமொழி 1

உச்சரிப்புக்கு மட்டும் சொல்கிறேன். இந்த நான்கு எழுத்துகள் சொல்லின் முன்னொட்டாக வரும்போது, அடுத்து மெய்யெழுத்து வந்தால் ‘ச்’ என்றும் உயிரெழுத்து வந்தால் ‘க்’ என்றும் ஒலிக்கும். ஆர்ச்பிஷப், ஆர்ச்டியூக் ஆகியவை முதல் வகை. ஆர்க்கிடெக்ட், ஆர்க்கேஞ்சல் ஆகியவை இரண்டாம் வகை.

மறுமொழி 2

மேலே உள்ள விதி பெரும்பாலும் உதவும். ஆயினும் பரம எதிரியைக் குறிக்கும் ஆர்ச்எனிமி என்ற சொல்லில் உயிரெழுத்து வந்தும் ‘ச்’ என்றே ஒலிக்கிறது. ஆங்கிலத்திலேயே தனித்து வழங்கும் ஒரு சொல்லின் முன்னால் முன்னொட்டை வைத்துக் கட்டிய சொல் அது. ஆர்ச்சரும் விதியை மீறுவது போலத் தோன்றும். ஆனால் அதில் இருப்பது முன்னொட்டே அன்று.

வினவியவரின் சிக்கலுக்குக் காரணம், எழுத்து ஒன்றாக இருந்தால் வேரும் ஒன்றாக இருக்கும் என்று அந்த நூல் எடுத்துக்கொண்டதுதான். இங்கே இரண்டு வேர்கள் உள்ளன. முதலாவது, வில்லைக் குறிக்கும் ஆர்க்குஸ் என்ற இலத்தீன் சொல். வில் போல வளைந்த கட்டட அமைப்பு ஆர்ச் ஆயிற்று. வில்லைப் பிடித்தவர் ஆர்ச்சர் ஆனார். வட்டத்தின் வில்லைக் குறிக்கும் ஆர்க் என்ற கணிதச் சொல்லும் இதே குடும்பம். இவை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை.

இரண்டாவது, ஆர்க்கே என்ற கிரேக்கச் சொல். அதற்குத் தொடக்கம் என்றும் ஆட்சி என்றும் இரு பொருள்கள் உண்டு. தமிழர்களாகிய நமக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை. ‘முதல்’ என்ற சொல் தொடக்கத்தையும் குறிக்கிறது, அதிலிருந்தே தலைமையைக் குறிக்கும் ‘முதல்வர்’ என்ற சொல்லும் பிறக்கிறது. தலைமைப் பொருளில் வந்தவையே மோனார்க், அனார்க்கி, சிலர் மட்டும் ஆளும் முறையைக் குறிக்கும் ஆலிகார்க்கி, குலத்தின் மூத்த ஆணையும் பெண்ணையும் முறையே குறிக்கும் பேட்ரியார்க், மேட்ரியார்க் ஆகியவை. படிநிலையைக் குறிக்கும் ஹையரார்க்கி என்ற சொல்லின் முற்பகுதிக்குப் ‘புனிதம்’ என்பது பொருள்; வானதூதர்களின் வரிசைகளையும் திருச்சபைப் பதவிகளையும் குறித்த அந்தச் சொல்லை இன்று அலுவலகப் பதவிகளுக்கும் பயன்படுத்துகிறோம். ஆர்க்கிடெக்ட் என்பதில் பின்பகுதி தச்சரை, கட்டுபவரைக் குறிப்பதால், முழுச் சொல்லுக்குத் தலைமைத் தச்சர் என்று பொருள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரும் ‘பெருந்தச்சன்’ என்ற பட்டமும் ஏறத்தாழ இதே அமைப்பில் உருவானது என்பதை நினைத்துக்கொண்டால் அந்தச் சொல் மறக்காது.

தொடக்கம் என்ற பொருளில் வந்தவை ஆர்க்கியாலஜியும், வழக்கொழிந்த பழமையைக் குறிக்கும் ஆர்க்கேயிக்கும், மூலப்படிவத்தைக் குறிக்கும் ஆர்க்கிடைப்பும். தொடக்கத்தில் இருந்தது பழையது என்ற தொடர்பு அது. ஆர்க்கைவ் மட்டும் ஆட்சியின் பக்கம் சேரும்: கிரேக்க நகரங்களில் ஆட்சியாளரின் அலுவலகம் ஆர்க்கையோன் எனப்பட்டது, அரசு ஆவணங்கள் அங்கே காக்கப்பட்டதால் காப்பகத்துக்கே அந்தப் பெயர் நிலைத்தது.

வினவியவர்

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் ஸ்டார்ச், மார்ச், தேடுதலைக் குறிக்கும் சர்ச் ஆகியவற்றை எந்த வேரில் சேர்ப்பது? தீவுக்கூட்டத்தைக் குறிக்கும் ஆர்க்கிபெலகோவிலும் ஆட்சியோ தொடக்கமோ இருப்பதாகத் தெரியவில்லை.

மறுமொழி 2

முதல் மூன்றையும் எதிலும் சேர்க்க வேண்டாம். எழுத்துகள் அங்கே தற்செயலாகக் கூடியிருக்கின்றன. ஸ்டார்ச் என்பது விறைப்பாக்குதல் என்ற பொருளுள்ள பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. கஞ்சி போட்ட வேட்டி விறைத்து நிற்பதற்கும் அந்தச் சொல்லுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மாவுச்சத்து என்ற உணவுப் பொருள் பின்னர் வந்தது. மார்ச் மாதம் மார்ஸ் என்ற ரோமானியப் போர்க் கடவுளின் பெயரால் அமைந்தது. சர்ச் என்பது சுற்றி வருதல் என்ற இலத்தீன் வினையின் வழி வந்தது. வட்டத்தைக் குறிக்கும் சர்க்கிள் அதன் உறவு.

ஆர்க்கிபெலகோ கிரேக்க வேரைச் சேர்ந்ததே. பின்பகுதி கடலைக் குறிப்பதால் ‘முதன்மைக் கடல்’ என்று பொருள்படும். முதலில் அது கிரேக்கத்துக்கும் இன்றைய துருக்கிக்கும் இடைப்பட்ட ஏஜியன் கடலின் பெயராக வழங்கியது. அந்தக் கடலில் தீவுகள் மிகுதி. ஆகவே பெயர் கடலை விட்டுத் தீவுக்கூட்டத்தின் மேல் ஏறிக்கொண்டது. அந்தமான் நிக்கோபாரையும் இன்று அப்படியே அழைக்கிறோம்.

தேர்வில் புதிய சொல் வந்தால், இந்த நான்கு எழுத்துகளையும் நீக்கிவிட்டு, எஞ்சிய பகுதிக்குத் தனிப்பொருள் உண்டா என்று பாருங்கள். மோனார்க்கில் எஞ்சுவது ‘ஒன்று’, ஆலிகார்க்கியில் எஞ்சுவது ‘சிலர்’. ஸ்டார்ச்சில் எஞ்சும் இரண்டு எழுத்துகளுக்குப் பொருளே இல்லை. இதுவும் கைகொடுக்காத இடத்தில், அகராதியில் சொற்பிறப்பு கூறும் வரியைப் பார்த்துவிடுவது நல்லது.

மறுமொழி 3

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஆர்ச் என்பது பெயரடையாகவும் வரும். அப்போது குறும்பான, உள்ளே ஏதோ தெரிந்துகொண்டது போன்ற என்று பொருள். பார்வைக்கும் புன்னகைக்கும் அடைமொழியாக வாசிப்புப் பத்திகளில் அதைக் காணலாம். வளைவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெரும் போக்கிரி என்பது போன்ற தொடர்களில் ‘தலையாய’ என்ற பொருளில் வந்த முன்னொட்டே தனிச்சொல்லாகப் பிரிந்து இப்பொருளைப் பெற்றது.