பெரிய ரிவால்வர் சுட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

குழுவினருக்கு வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். ஆறு ஆண்டுகளாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறேன். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு. சுட்டால் டப்பா மூடி திறந்தது போல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் ஹூஸ்டனில் இருக்கும் அக்காள் மகனைப் பார்க்கப் போகிறேன். "மாமா, இங்கே உள்ளரங்கில் .44 மேக்னம் சுடலாம்" என்று ஆசை காட்டிவிட்டான். பெரிய ரிவால்வரில் போடும் வீரியமான தோட்டா அது. அதைவிடப் பெரிய .500 மேக்னமும் உண்டாம். அதன் நீளக் குழல் ரிவால்வர் ஏறத்தாழ 2 கிலோ, உருளையில் ஐந்தே தோட்டா. அதை நான் தொடப்போவதில்லை.

என் கவலை வலது மணிக்கட்டு. ஏற்காடு மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில், மழை ஈரத்தில் ஸ்கூட்டரோடு சறுக்கி முறித்துக்கொண்டது. எலும்பு கூடிவிட்டது, ஆனாலும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் உள்ளே சுரீர் என்கிறது. .44 மேக்னம் ரிவால்வரில் .44 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம், சுடும்போது கைக்கு வரும் உதைப்பு குறைவு. இந்தக் கை அதையாவது தாங்குமா? முறிந்த மணிக்கட்டோடு சுட்டவர்கள் சொல்லுங்கள்.

உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் சூடான வாயு பீறிடும் என்பதால் கட்டைவிரலை எங்கே வைப்பது என்றும் குழப்பம். ஒற்றைக் கையில் சுட்டே பழகியவன் நான். காதடைப்பானுக்கு மேல் காதுமூடியும் போட்டால் உள்ளரங்கச் சத்தத்துக்குப் போதுமா?

இன்னொன்று: சுற்றுலா விசாவில் வருபவர் துப்பாக்கியைக் கையிலெடுக்க அமெரிக்கச் சட்டம் தடை விதிக்கிறது, வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. டெக்சாஸில் அந்த உரிமம் எடுத்தவர்கள் இருந்தால் விவரம் சொல்லுங்கள். மருமகன் இதையெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை.