வீட்டுத் தச்சுப் பட்டறைக்கு எல்இடி: 11,000 லூமன் இருந்தும் பென்சில் கோடு தெரியவில்லை, லேத் சக் பின்னால் சுற்றுவது போலத் தெரிகிறது

புதுஉளி:

அறை 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், உயரம் 2.7 மீட்டர். சுவரும் மேல்தளமும் சிமென்ட் பூச்சோடு நிற்கின்றன, வெள்ளை அடிக்கவில்லை. நீளச் சுவரை ஒட்டி 60 செ.மீ. அகல வேலைமேசை, நடுவில் டேபிள் சா (மேசை ரம்பம்), எதிர்ச்சுவர் மூலையில் லேத் (கடைசல் இயந்திரம்). அறையின் நடுக்கோட்டில் வட்ட ஹைபே விளக்கு இரண்டு. ஒவ்வொன்றும் 50 வாட், 5500 லூமன் (விளக்கு தரும் மொத்த ஒளி), 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறம்).

அண்ணாந்து பார்த்தால் கண் கூசுகிறது. குனிந்து மேசையைப் பார்த்தால் பென்சில் கோடு தெரியவில்லை. லேத் ஓடும்போது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சக் (மரத்தைப் பிடித்துச் சுற்றும் பகுதி) மெதுவாகப் பின்னால் சுற்றுவது போலத் தோன்றுகிறது. டேபிள் சா போட்டால் விளக்கு ஒரு நொடி மங்கி எழுகிறது. பட்டறையில் சரியாக இருந்த பாலிஷ் நிறம் வீட்டுக்குள் கொண்டுபோனால் வேறாக இருக்கிறது. இதே விளக்கை 100 வாட்டாக மாற்றினால் போதுமா, அல்லது மொத்தமாக வேறு வாங்க வேண்டுமா?

ஒளிக்கணக்கு:

100 வாட்டாக மாற்ற வேண்டாம். கூச்சமும் நிழலும்தான் இரட்டிப்பாகும். ஹைபே விளக்கு 5, 6 மீட்டர் உயரக் கொட்டகைக்கானது. 2.7 மீட்டரில் தொங்கவிட்டால் அது ஒரு புள்ளியிலிருந்து அடிக்கும் வெளிச்சம்.

முதலில் எவ்வளவு தேவை என்று பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் ஒரு லக்ஸ். ஐரோப்பிய இஎன் 12464-1 தரநிலை தச்சு மேசை வேலைக்கும் ஒட்டுக்கும் 300 லக்ஸ், மர இயந்திரங்களுக்கு 500, பாலிஷுக்கும் நுண்ணிய தச்சுக்கும் 750 என்கிறது. வீட்டுப் பட்டறையில் எல்லாம் ஒரே அறையில் நடப்பதால் பொது வெளிச்சம் 500 லக்ஸ் வைத்துக்கொண்டு, மேசையிலும் லேத்திலும் தனி விளக்கால் கூட்டிக்கொள்வது சிக்கனம். அறை முழுக்க 750 என்று போகத் தேவையில்லை.

கணக்கு இப்படி: லக்ஸைப் பரப்பால் பெருக்கி, பயன்பாட்டு எண்ணாலும் பராமரிப்பு எண்ணாலும் வகுக்க வேண்டும். பயன்பாட்டு எண் என்பது விளக்கிலிருந்து கிளம்பும் ஒளியில் மேசை மட்டத்துக்கு வந்து சேரும் பங்கு. உங்கள் அறை அளவுக்குச் சுவரும் மேல்தளமும் வெள்ளையாக இருந்தால் ஏறத்தாழ 0.6, சாம்பல் பூச்சுக்கு 0.45 என்று வைக்கலாம். பராமரிப்பு எண் என்பது தூசி படிந்தும் விளக்கு வயதாகியும் குறையும் அளவு. மரத்தூள் பறக்கும் இடத்தில் 0.75க்கு மேல் நம்பாதீர்கள்.

இப்போது இருப்பது: 11,000 × 0.45 × 0.75 ÷ 24 = 155 லக்ஸ். கோடு தெரியாததில் வியப்பில்லை.

வேண்டியது, வெள்ளையடித்த அறையில்: 500 × 24 ÷ (0.6 × 0.75) = சுமார் 26,700 லூமன். 1.2 மீட்டர் நீள 3000 லூமன் பேட்டன் (நீளப் பட்டை விளக்கு) 9 போட்டால் சரியாக வரும். வெள்ளையடிக்காமல் அதே 500 லக்ஸ் வேண்டுமென்றால் 12 பேட்டன். ஆக, வெள்ளைப் பெயின்ட் மூன்று பேட்டனுக்குச் சமம், மின்சாரமும் தின்னாது. பளபளப்பில்லாத மேட் வெள்ளையாகப் பாருங்கள்.

பெட்டியில் வாட்டைப் பார்க்காமல் லூமனைப் பாருங்கள். நல்ல பேட்டன் வாட்டுக்கு 100 முதல் 130 லூமன் தரும். 20 வாட்டுக்கு 4000 லூமன் என்று மலிவுச் சரக்கில் எழுதியிருந்தால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

மூலைமட்டம்:

எண்ணிக்கை சரி. ஆனால் அந்த ஒன்பதையும் தப்பான இடத்தில் மாட்டினால் கோடு அப்போதும் தெரியாது. இப்போது விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. மேசைமேல் விழுவது வெளிச்சமல்ல, உங்கள் தலையின் நிழல்.

மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று பேட்டன், எல்லாம் அறையின் நீளவாக்கில். முதல் வரிசை மேசைச் சுவரிலிருந்து 50 செ.மீ. தள்ளி. அதாவது மேசையின் முன்விளிம்புக்குச் சற்று உள்ளே, நீங்கள் நிற்கும் இடத்துக்கும் சுவருக்கும் நடுவில். இரண்டாவது வரிசை 2 மீட்டரில், மூன்றாவது 3.5 மீட்டரில். வரிசைக்குள் பேட்டனுக்குப் பேட்டன் 80 செ.மீ. இடைவெளி, இரு முனையிலும் சுவருக்கு 40 செ.மீ.

இரண்டு வரிசையோடு நிறுத்தலாமே என்று தோன்றும். பாடப்புத்தகப்படி போட்டால் சுவரிலிருந்து 1 மீட்டர், நடுவில் 2 மீட்டர். அந்த 1 மீட்டர் கோடு மேசையில் வேலை செய்பவரின் உச்சந்தலைக்கு நேர் மேலே போகிறது. அதைச் சுவரிலிருந்து 50 செ.மீ.க்கு நகர்த்தினால் நடுவில் 2.5 மீட்டர் இடைவெளி விழுந்து, டேபிள் சா இருக்கும் இடம் இருட்டாகும். மேசை மட்டத்திலிருந்து விளக்கு வரை உங்களுக்கு 1.8 மீட்டர். வரிசை இடைவெளி அதன் 1.2 மடங்கைத் தாண்டாமல், அதாவது சுமார் 2.1 மீட்டருக்குள், இருப்பது நல்லது.

நீண்ட பேட்டனின் நன்மை நிழல் மென்மையாவதுதான். கை மறைத்தாலும் பேட்டனின் மறுமுனையிலிருந்து ஒளி வந்துவிடும். உளியின் முனையில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாப் பக்கமும் சீராக வெளிச்சம் இருந்தால் உப்புத்தாள் கீறலும் இழைப்புளி விட்ட தடமும் மறைந்துவிடும். நிழலே இல்லாத இடத்தில் மேடு பள்ளம் தெரியாது. அதற்கு மேசையின் ஒரு முனையில், பலகை மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில் ஒரு கை விளக்கு வைத்து, பலகையை உரசிக்கொண்டு போகும்படி சாய்த்து அடியுங்கள். அந்த நேரத்தில் மேல் வரிசையை அணைத்துவிட வேண்டும். அதனால் ஒவ்வொரு வரிசைக்கும் தனி சுவிட்ச் போடுங்கள். பசைக் கறை, குறுக்குக் கீறல் எல்லாம் வார்னிஷ் பூசும் முன்பே அகப்படும்.

கடைசல்:

லேத் விஷயத்தைக் கண் மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள். இந்தப் பட்டியலில் ஆபத்தானது அதுதான்.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், உள்ளே மின்வடிகட்டு சரியில்லாத எல்இடியின் வெளிச்சம் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். சக் 1500 ஆர்பிஎம்மில் ஓடினால் விநாடிக்கு 25 சுற்று. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் சரியாகக் கால் சுற்று. நான்கு தாடை சக் கால் சுற்று நகர்ந்தால் பழைய தோற்றமேதான், நின்றுவிட்டதாகத் தெரியும். 1425 ஆர்பிஎம்மில் ஓடினால் நிமிடத்துக்கு 75 சுற்றுக் குறைவு. அதைத்தான் நீங்கள் "மெதுவாகப் பின்னால்" என்று பார்க்கிறீர்கள். டேபிள் சாவிலும் இதே கதை: 40 பல் பிளேடு 2850 ஆர்பிஎம்மில் ஓடினால் துடிப்புக்கு 19 பல் கடக்கும். முழு எண் என்பதால் பல்வரிசை அசையாதது போல் இருக்கும். சத்தத்தை வைத்து ஓடுகிறது என்று தெரியும்தான். ஆனால் காதுக்கவசமும் பக்கத்தில் தூசி உறிஞ்சியும் இருந்தால் அந்தத் துணையும் போய்விடும்.

சோதனை எளிது. போனில் ஸ்லோமோஷனை 240 பிரேமில் வைத்து, அந்த விளக்கு படும் வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். பட்டை பட்டையாக நகர்ந்தாலோ மொத்தமாகத் துடித்தாலோ அது ஆடும் விளக்கு. ஒப்பிட, அதே இடத்தைப் பகல் வெளிச்சத்திலும் எடுத்துப் பாருங்கள். போன் இல்லாமலும் பார்க்கலாம்: இருட்டான பின்னணிக்கு முன்னால் வெள்ளைக் குச்சியை வேகமாக ஆட்டினால், நல்ல விளக்கில் மங்கலான விசிறி தெரியும், ஆடும் விளக்கில் தனித்தனிக் குச்சிகள் தெரியும்.

வாங்கும்போது "ஃப்ளிக்கர் ஃப்ரீ" என்ற சொல்லை விட எண்ணைக் கேளுங்கள். எல்இடி ஆட்டம் பற்றி மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ தந்த 1789 பரிந்துரைப்படி 100 ஹெர்ட்ஸில் ஏற்ற இறக்கம் 8 சதவீதத்துக்குள் இருந்தால் பாதிப்பு குறைவு, 3.3க்குள் இருந்தால் கவலையே இல்லை. எஸ்விஎம் (சுழல்வதை நின்றதாகக் காட்டும் மயக்கத்தின் அளவு) போட்டிருந்தால் 0.4 அல்லது அதற்குக் கீழே. இயந்திரப் பட்டறையில் டிம்மர் வேண்டாம். பல டிம்மர்கள் நல்ல விளக்கையும் ஆட வைத்துவிடும்.

லேத்துக்கு மேலே மட்டும் என்றால் இன்னொரு வழி: 24 வோல்ட் டிசி தரும் நல்ல எஸ்எம்பிஎஸ் (மின்மாற்றிப் பெட்டி), அலுமினியச் சட்டத்துக்குள் எல்இடி ஸ்ட்ரிப், மேலே பால்நிற மூடி. வெளியீடு சீரான டிசி என்பதால் அந்த 100 ஹெர்ட்ஸ் ஆட்டம் பெரும்பாலும் இராது. ஆனாலும் மாட்டியபின் போனில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மின்பணி:

சா போடும்போது விளக்கு மங்குவதற்கு இரண்டு காரணம் சேர்ந்திருக்கிறது.

ஒன்று ஒயர். 9 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் கிளம்பும் கணத்தில் 50 ஆம்பியர் வரை இழுக்கும். 1.5 சதுர மி.மீ. தாமிர ஒயர் 20 மீட்டர் போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட 0.48 ஓம், அந்தக் கணத்தில் 24 வோல்ட் விழும். 4 சதுர மி.மீ. என்றால் 9 வோல்ட்தான். விளக்கும் சாவும் ஒரே ஒயரில் இருந்தால் விளக்கு அதைக் காட்டிக்கொடுக்கும். சாவுக்குத் தனி லைன், விளக்குக்குத் தனி லைன், தனித்தனி எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்). இது மங்கலுக்காக மட்டும் இல்லை. சா சிக்கி எம்சிபி விழும்போது விளக்கும் சேர்ந்து அணைந்தால், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடு முன்னால் இருட்டில் நிற்க வேண்டிவரும்.

இரண்டாவது, விளக்கின் டிரைவர், அதாவது எல்இடிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் சுற்று. எல்இடி பதிந்த சுற்றுப்பலகையிலேயே ஒரு சில்லை ஒட்டி, அதை வைத்தே ஓட்டும் மலிவு விளக்குதான் வோல்டேஜ் விழுந்தால் கூடவே மங்கும். 100 ஹெர்ட்ஸ் ஆட்டமும் பெரும்பாலும் அதில்தான். ஆக உங்கள் இரண்டு புகாருக்கும் மூலம் ஒன்றாக இருக்கலாம். தனி கான்ஸ்டன்ட் கரன்ட் டிரைவர் (மின்னோட்டத்தை மாறாமல் வைப்பது) உள்ள விளக்கு, அதில் எழுதியிருக்கும் வோல்ட் எல்லைக்குள், உதாரணமாக 100 முதல் 277 வரை, ஒரே வெளிச்சம் தரும். ஆனால் இதை வைத்து ஆட்டம் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். பவர் ஃபாக்டர் 0.9க்கு மேல் உள்ள சிங்கிள் ஸ்டேஜ் (ஒரே படியில் மாற்றும்) டிரைவர்கள் பலவற்றில் வோல்டேஜ் தாங்கும், ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கும். கடைசல் சொன்ன போன் சோதனையை எதற்கும் செய்யுங்கள்.

புதுஉளி:

நன்றி. போனில் பட்டை பட்டையாகத்தான் ஓடுகிறது. ஹைபேயைக் கழற்றிவிடுகிறேன். மூன்று சந்தேகம்: நிறத்துக்கு எத்தனை கெல்வின்? பழைய டியூப் லைட் ஃபிட்டிங் நான்கு சும்மா கிடக்கிறது, அதில் எல்இடி டியூப் போடலாமா? ஒன்பது பேட்டனையும் ஒரே முனையிலிருந்து கோத்துக்கொண்டே போகலாமா?

மூலைமட்டம்:

4000 அல்லது 5000 கெல்வின். எதை எடுத்தாலும் ஒன்பதும் ஒன்றாக இருக்கட்டும். கலந்து மாட்டினால் ஒரே பலகை இரண்டு நிறமாகத் தெரியும். கெல்வினை விட சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற எண், உச்சம் 100) முக்கியம். 80 உள்ள விளக்கில் சிவப்பு அடிபடும். மகோகனி, செம்மரம், ஈட்டி எல்லாம் சாம்பல் ஏறினாற்போல் தெரியும். 90க்கு மேல் வாங்குங்கள், அடர் சிவப்புக்கான ஆர்9 எண் போட்டிருந்தால் 50க்கு மேல். விலை இடித்தால் மேசை வரிசைக்கு மட்டும் 90, மற்றதற்கு 80 என்று போகலாம். அப்போதும் கெல்வின் ஒன்றாக இருக்க வேண்டும். பாலிஷ் நிறத்தை, அந்தப் பொருள் கடைசியில் எந்த விளக்கின் கீழ் இருக்கப்போகிறதோ அந்த விளக்கில் ஒரு துண்டு மரத்தில் பூசிப் பார்த்தபின் முடிவுசெய்யுங்கள். 2700 கெல்வின் வரவேற்பறைக்குப் போகும் மேசைக்குப் பட்டறை வெளிச்சம் சாட்சி சொல்லாது.

மின்பணி:

பழைய ஃபிட்டிங்: செய்யலாம், ஆனால் எந்த வகை டியூப் என்று தெரிந்துகொண்டு. சோக் இருக்கும்போதே ஓடும் வகைக்கு ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு, கூடவே வரும் எல்இடி ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். பழையதை விட்டால் டியூப் கெடலாம். நேரடி மின்சார வகைக்கு சோக், ஸ்டார்ட்டர் இரண்டையும் சுற்றிலிருந்து கழற்றி ஒயரை மாற்ற வேண்டும். அதில் ஒருமுனையிலேயே பேஸும் நியூட்ரலும் வரும் டியூப் பாதுகாப்பானது. இருமுனை வகையில், ஒரு முனையைச் செருகி மறுமுனை வெளியே இருக்கும்போது அந்தப் பின்னில் மின்சாரம் இருக்க வாய்ப்புண்டு. ஒருமுனை டியூப் போடும் ஹோல்டரில் இரண்டு பின்னும் உள்ளே இணைந்திருந்தால் நேர் ஷார்ட். மெயினை அணைத்து மல்டிமீட்டரில் பாருங்கள். மாற்றிய ஃபிட்டிங்கின் மேல் "சோக் இல்லை, நேரடி மின்சாரம்" என்று எழுதி ஒட்டுங்கள், அடுத்தவர் பழைய டியூபைச் செருகாமல் இருக்க. கண்ணாடி டியூப் வேண்டாம். 2.4 மீட்டர் பலகையை நிமிர்த்தித் திருப்பும்போது 2.7 மீட்டர் அறையில் விளக்கில் இடிப்பது சாதாரணம். என் யோசனை, ஃபிட்டிங்கைப் பலகை அடுக்கும் இடத்துக்கு வைத்துக்கொண்டு, பட்டறைக்குப் பாலிகார்பனேட் மூடிய ஐபி65 பேட்டனே வாங்குங்கள். ஐபிக்குப் பின் வரும் முதல் எண் 6 என்றால் தூசி உள்ளே போகாது.

கோப்பது: பேட்டனின் பக்கத்தில் எத்தனை வரை கோக்கலாம், அல்லது மொத்தம் எத்தனை வாட் என்று அச்சிட்டிருக்கும். அதைத் தாண்டக் கூடாது, இணைப்புப் பின் சூடாகும். உங்களுக்கு வரிசைக்கு மூன்றுதான், ஒவ்வொன்றும் 28 வாட் என்றாலும் 84 வாட், சிரமமில்லை. மொத்தம் சுமார் 250 வாட். சுமை குறைவுதான், ஆனால் ஒன்பது டிரைவரும் ஒரே கணத்தில் கிளம்பினால் தொடக்க மின்னோட்டத்தில் பி வகை எம்சிபி சில சமயம் விழும். வரிசைக்கு ஒரு சுவிட்ச் இருப்பதால் பெரும்பாலும் வராது. வந்தால் தொடக்க மின்னோட்டத்தைக் கூடுதலாகத் தாங்கும் சி வகை போடலாமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். சுவிட்ச் பேஸில் வருகிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலில் வந்தால் அணைத்தபின்னும் எல்இடி மங்கலாக எரியும். ஃபிட்டிங்கில் கை வைத்தால் மின்சாரமும் இருக்கும்.

ஒளிக்கணக்கு:

மாட்டியதும் 90 செ.மீ. உயரத்தில் லக்ஸ் மீட்டரை வைத்து, அறையில் ஒரு மீட்டருக்கு ஒரு இடம் என்று அளந்து எழுதுங்கள். புதிதில் சராசரி 650 லக்ஸ் பக்கம் வர வேண்டும், தூசிக்கான கழிவு இன்னும் விழவில்லை அல்லவா. மிகக் குறைந்த இடம் சராசரியில் 0.6 பங்குக்குக் கீழே போனால் அந்த வரிசையை நகர்த்துங்கள். போன் செயலியின் எண் அப்படியே நம்பத்தக்கதல்ல. ஆனால் ஒரே போனில் இடத்துக்கு இடம் ஒப்பிட அது போதும். ஈரத்துணியால் மூடியைத் துடைத்தபின் அதே இடங்களை மறுபடி அளந்தால், எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். துடைக்கும் முன் அணைத்து ஆறவிடுங்கள். காற்றடித்து ஊதினால் தூள் அடுத்த பேட்டன்மேல்தான் உட்காரும்.