ஹண்ட் முந்திவிட்டார், பிறகு ஹோவின் தையல் மெஷின் காப்புரிமை எப்படி நின்றது?

பாபின்:
எலியாஸ் ஹோவுக்கு அமெரிக்கக் காப்புரிமை எண் 4750 கிடைத்தது 1846 செப்டம்பரில். ஆனால் நியூயார்க்கில் வால்டர் ஹண்ட் 1834 வாக்கிலேயே நுனியில் காதுள்ள வளைந்த ஊசி, ஷட்டில் (கீழ் நூலைக் கொண்டுபோகும் ஓடம்), இரட்டை நூல் பூட்டுத் தையல் மூன்றையும் ஒரே மெஷினில் கொண்டுவந்துவிட்டார். ஹோ வழக்குப் போட்ட மெஷின் தயாரிப்பாளர் சிங்கரின் தரப்பு அவருக்கு எதிராக இதைத்தான் தோண்டி எடுத்தது. முந்தைய கண்டுபிடிப்பு இருந்தால் பிந்தையதன் புதுமை போச்சு என்பதுதானே விதி? அப்புறம் ஏன் சிங்கர் 1854-ல் 15,000 டாலர் கொடுத்து சமரசம் ஆனார்?

க்ளெய்ம்_பார்:
மெஷினோடு மெஷினை ஒப்பிடாதீர்கள், க்ளெய்மை (காப்புரிமையில் கண்டுபிடிப்பாளர் தனக்கென்று கோரும் பகுதி) வைத்துப் பாருங்கள். ஹோவின் முதல் க்ளெய்மைத் துண்டாக்கினால்: ஆடும் கையின் முனையில் வளைந்த ஊசி, அது துணி வழியே நூலைக் கொண்டுபோவது, ஊசிக்கும் நூலுக்கும் நடுவே பாபினோடு (நூல் சுற்றிய உருளை) ஷட்டில் புகுந்து போவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஹண்டின் பாகத்தை எழுதினால் கிட்டத்தட்ட எல்லாக் கட்டமும் நிரம்பிவிடும். ஹண்டின் மெஷின் குட்டையான நேர்த்தையல்தான் போடும், துணியை மறுபடி மறுபடி பொருத்தணும் என்பார்கள். ஹோவினுடையதும் அப்படித்தான்! முள் வைத்த தகட்டில் துணியை மாட்டி, தகட்டின் நீளம் முடிந்ததும் கழற்றி மாட்டணும். ஆக, அந்தக் குறை ஹோவுக்கு உதவாது.

பழைய_தீர்ப்பு:
சரி, ஆனால் வழக்கு பாகங்களில் தீரவில்லை. ஹண்ட் அப்போது காப்புரிமை கேட்கவே இல்லை, உரிமையை விற்றுவிட்டார், விண்ணப்பித்தது 1853-ல். காப்புரிமை ஆணையர் சார்லஸ் மேசன் 1854 மே மாதம் சொன்னது: முந்தியவர் ஹண்ட்தான், ஆனால் கைவிட்டுவிட்டார்.

இதற்கு வழி போட்டது 1850-ன் கேய்லர் எதிர் வைல்டர் வழக்கு. இரண்டு இரும்புச் சுவருக்கு நடுவே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நிரப்பிய, தீக்குத் தாங்கும் பெட்டகம். கானர் என்பவர் 1829-க்கும் 1832-க்கும் இடையில் ஒன்று செய்து தன் அலுவலகத்தில் 1838 வரை வைத்திருந்தார். ஃபிட்ஸ்ஜெரால்டு என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றது 1843-ல். கானரின் பெட்டகம் மறந்தே போயிருந்தால் ஃபிட்ஸ்ஜெரால்டுதான் முதல் கண்டுபிடிப்பாளர் என்றது உச்ச நீதிமன்றம்.

இதை ரொம்ப நீட்டாதீர்கள். 1881-ன் எக்பர்ட் எதிர் லிப்மன் வழக்கு நேர்மாறு: கார்செட்டுக்குள் மறைந்திருந்த எஃகுப் பட்டை, அணிந்தது ஒரே பெண். ரகசியம் காக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதால் அதுவும் பொதுப் பயன்பாடு; கண்டுபிடித்தவர் 1855-ல் அவளிடம் கொடுத்துவிட்டு 1866-ல் விண்ணப்பித்ததால் காப்புரிமை செல்லவில்லை.

பாபின்:
இன்றைக்கு இந்தியாவில் ஹண்ட் கதை நடந்தால்?

க்ளெய்ம்_பார்:
1970 காப்புரிமைச் சட்டத்தின் 64(1)(இ) பிரிவுப்படி, புதுமை இல்லை என்று காப்புரிமையை ரத்து செய்ய இதில் ஒன்று வேணும்: இந்தியாவில் பொதுவில் தெரிந்தது அல்லது பயன்பட்டது, இல்லையென்றால் எங்கேயாவது வெளியான ஆவணம். நியூயார்க் கடையில் ஓடிய, அச்சில் வராத மெஷின் இதில் அடங்காது. ஆவணம் இருந்தால் அதன் தேதி, க்ளெய்மின் முன்னுரிமைத் தேதிக்கு (புதுமையைக் கணக்கிடும் நாள்) முந்தியதா என்று முதலில் பாருங்கள். பிறகு, க்ளெய்மின் எல்லாக் கூறும் அந்த ஒரே ஆவணத்தில் இருக்கணும். ஊசி ஒன்றில், ஷட்டில் இன்னொன்றில் என்று ஒட்டவைத்தால் புதுமை வாதம் விழுந்துவிடும். அதை (எஃப்) உட்பிரிவில், துறை தெரிந்தவருக்கு வெளிப்படையானது என்றுதான் வைக்கணும். பலர் இரண்டையும் ஒரே பத்தியில் குழப்பித் தோற்கிறார்கள். காப்புரிமை வழங்கியது வெளியாகி ஓராண்டு ஆகவில்லை என்றால், நீதிமன்றம் போகாமல் காப்புரிமை அலுவலகத்திலேயே 25(2) எதிர்ப்பு போடலாம்.