மாட்டுக்கொட்டில் நாற்றம்: மாரிக்குப் பிந்திய புதுப்பிப்பு

மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம் எங்கள் கொட்டில் நாற்றம் பக்கத்து வீட்டு மாமி வரைக்கும் போகிறது, மழைக்கு எருக்குவியல் கரைந்து வாவிப்பக்கம் ஓடுகிறது என்று மாரிக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். பலரும் யோசனை சொன்னீர்கள். இப்போதைய நிலவரம் இது.

பெரிய மாற்றம், மூத்திரத்தைச் சாணத்திலிருந்து பிரித்ததுதான். மூத்திரத்திலுள்ள யூரியாவைச் சாணத்து நுண்ணுயிர்களின் நொதியம் உடைக்கும்போதுதான் மூக்கை அரிக்கும் அந்த அமோனியா கிளம்புகிறது. கொட்டில் தரையைக் கொஞ்சம் சரிவாக்கி, ஓரத்தில் கான் வெட்டி, மூத்திரத்தை மூடிய பீப்பாவுக்குள் விட்டோம். தண்ணீர் கலந்து புல்லுக்கு ஊற்றுகிறோம், புல் நன்றாக வருகிறது.

சாணத்தோடு காபன் கூடிய வைக்கோல் கலந்தோம். காபன், நைதரசன் விகிதம் 25 முதல் 30க்கு 1 என்ற அளவில் இருந்தால் நைதரசன் அதிகம் காற்றில் போகாமல் குவியலிலேயே நிற்கும். உமி போடச் சொன்ன தம்பிக்கு: உமி லேசில் உக்காது, வைக்கோலே மேல். வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் அதற்கா பஞ்சம்? வயலில் எரிக்கிறார்களே!

குவியலை மேட்டுக்கு மாற்றி, சுற்றி வரம்பு கட்டி, தறப்பாள் போட்டோம். இறுக்கி மூடினால் காற்றில்லாமல் அழுகி அது வேறு நாற்றம். பக்கவாட்டில் இடைவெளி வேண்டும். கரைந்தோடும் நைதரசனும் பொசுபரசும்தான் வாவியில் பாசியையும் ஆற்றுவாழையையும் வளர்ப்பவை. அதனால் அவற்றை உறிஞ்சிக்கொள்ள வாய்க்கால் பக்கம் நேப்பியர் என்ற தீவனப் புல்லும் நட்டிருக்கிறோம்.

மாமி இப்போது சாணத்தை விட்டுவிட்டு நுளம்பைப் பற்றித்தான் ஏசுகிறா. பீப்பா மூடிக்கு வலை கட்ட வேண்டும்.